பைக் சீட் சுடுது, புங்க இலை சுடல... ஏன்? செடிகளின் ‘நாடி’ பிடித்துப் பார்த்த ஜே.சி.போஸின் கதை

மே மாத மதியம். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் பைக்கை வெயிலில் நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். சீட்டில் உட்கார முடியாது. பெட்ரோல் டேங்க்கில் கை வைக்க முடியாது. அதே வெயிலில், அதே ஒரு மணி நேரம் நின்ற புங்க மரத்தின் இலையைத் தொட்டால்? பெரிதாகச் சுடாது. வேலூரை ‘வெயிலூர்’ என்று கிண்டல் செய்கிறவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

காரணம் ரொம்ப எளிது. இலை தண்ணீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. நமக்கு வியர்வை காயும்போது உடம்பு குளிர்வதைப் போல, இலையும் குளிர்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை நீராவிப்போக்கு என்று படித்திருப்போம். ஆனால், வேர் உறிஞ்சிய தண்ணீர் அவ்வளவு உயரத்தில் இருக்கும் இலைக்கு எப்படிப் போகிறது? மரத்துக்கு இதயமும் இல்லை, மோட்டாரும் இல்லை.

இந்தக் கேள்விக்கு விடை தேடி, உலகத்தையே எதிர்த்து நின்ற ஓர் இந்தியர் உண்டு. அவர் ஜகதீஷ் சந்திர போஸ். வயர்லெஸ் ஆராய்ச்சியில் முன்னோடி, செடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றுபவர்தான். அவர் சொன்னதில் எது சரி, எது தப்பு? அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், இலைக்குள் என்ன நடக்கிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டால், தோலின் மேல்பரப்பில் இருக்கும் பொடிப்பொடித் துளைகளைக் காட்டுவார்கள். முடி முளைத்திருந்த இடங்கள் அவை. இலைக்கும் ஒரு தோல் உண்டு, அதிலும் துளைகள் உண்டு. பெரும்பாலான மரங்களில் இலையின் அடிப்பக்கம்தான் இவை அதிகம். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல பத்துகளில் இருந்து சில நூறு வரை இருக்கும். இவைதான் இலைத்துளைகள்.

ஆட்டுத் தோலுக்கும் இலைத் தோலுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. இலைத்துளைக்குக் கதவு உண்டு. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் அவரை விதை வடிவத்தில் இரண்டு காப்பு செல்கள் இருக்கும. அவற்றுக்குள் பொட்டாசியம் அயனிகள் போகும்போது, பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். செல்கள் காற்றடித்த டியூப் போல விறைத்து வளையும், நடுவில் துளை திறக்கும். தண்ணீர் வெளியேறினால் செல்கள் தொய்ந்துபோகும், துளை மூடிக்கொள்ளும்.

துளையை மூடியே வைத்தால் தண்ணீர் மிச்சம்தானே? மிச்சம்தான். ஆனால், இலை சாப்பாடு தயாரிக்கக் கார்பன் டை ஆக்ஸைடு வேண்டும். காற்றில் அது சுமார் 0.04 சதவீதம்தான் இருக்கிறது. அது உள்ளே வர ஒரே முக்கிய வழி இந்தத் துளைகள்தான். கதவைத் திறந்தால் தண்ணீர் போகும், மூடினால் பட்டினி. ஒரு கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறை உள்ளே எடுக்க, சாதாரணச் செடி சில நூறு தண்ணீர் மூலக்கூறுகளை இழக்கிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இப்படித்தான் ஆவியாகப் போய்விடுகிறது.

இந்த வரவு செலவுக் கணக்கைத்தான் ஒவ்வொரு இலையும் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கிறது. சரி, இனி போஸிடம் வருவோம்.

மீனவர் மகனோடு படித்த அதிகாரி மகன்

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங் பகுதியில் பிறந்தார் போஸ். அப்பா பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் அதிகாரி. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பையன்கள் இங்கிலீஷ் பள்ளிக்குப் போவதுதான் வழக்கம். பகவான் சந்திரர் மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். தாய்மொழியும் சொந்த மக்களும்தான் முதலில் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். பெஞ்சில் ஒரு பக்கம் மீனவர் மகன், இன்னொரு பக்கம் அப்பாவிடம் வேலை பார்த்தவரின் மகன். அவர்கள் சொன்ன பறவை, மிருகக் கதைகளைக் கேட்டுத்தான் இயற்கை மேல் ஆர்வம் வந்தது என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

கல்கத்தா செயின்ட் சேவியர்ஸில் படிப்பு. அங்கே பாதிரியார் லஃபோன் நடத்திய இயற்பியல் வகுப்புகள் அவரை இழுத்துப் பிடித்தன. 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். ஆனால், ஏற்கெனவே பிடித்திருந்த காய்ச்சல் விடவில்லை. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் சேர்ந்தார். 1884-ல் பட்டம்.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர்கள் இரண்டு வகை. ஒரு பக்கம் இயற்பியலாளர் லார்ட் ரேலி. இன்னொரு பக்கம் தாவரவியலாளர்கள் சிட்னி வைன்ஸ், பிரான்சிஸ் டார்வின். பிரான்சிஸ் டார்வின் யார் தெரியுமா? பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினின் மகன். இலைத்துளை ஆராய்ச்சியில் முக்கியமான பெயர். கொம்பைச் சன்னமாகச் சீவி இலை மேல் வைத்து, ஈரம் பட்டு அது வளைவதைப் பார்த்தே துளை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கண்டுபிடித்தவர். 1898-ல் அந்த ஆய்வு வெளிவந்தது.

மூன்று வருஷம் சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால், வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸ் தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதி. ஒரே வேலை, ஒரே தகுதி, மூன்றில் ஒரு பங்கு சம்பளம்.

போஸ் வேலையை விடவில்லை. சம்பளத்தை மட்டும் வாங்கவில்லை. ஒன்றிரண்டு மாதம் இல்லை, மூன்று வருஷம். அப்போது குடும்பத்துக்குத் தலைக்கு மேல் கடன். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது.

இந்தக் காலத்தில்தான், 1887-ல், அபலா தாஸைத் திருமணம் செய்தார். இங்கே ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் அபலா 1882-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்காமலேயே திரும்ப வேண்டியிருந்தது. பின்னாளில் பெண் கல்விக்காகவும் கைம்பெண்களுக்காகவும் வங்காளத்தில் நிறைய வேலை செய்தவர் அவர்.

வயர்லெஸ்ஸில் இருந்து செடிக்கு

1894-ல்தான் போஸ் முழுமூச்சாக ஆராய்ச்சியில் இறங்கினார். கல்லூரியில் தனி லேப் கிடையாது. சின்னதாக ஓர் அறை, கருவிகளை உள்ளூர்த் தகரத் தொழிலாளியை வைத்துத் தானே செய்துகொண்டார். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கி, சுவர்களைத் தாண்டி அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அதைச் செய்துகாட்டினார். காப்புரிமை வாங்குவதில் அவருக்கு விருப்பமே இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1904-ல் அமெரிக்காவில் ஒன்று மட்டும் பதிவானது.

இதை அப்படியே தொடர்ந்திருந்தால் அவர் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால், ஒரு சின்ன விஷயம் அவர் கண்ணில் பட்டது. அலைகளைப் பிடிக்கும் உலோகக் கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதன் திறன் குறைந்தது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் திரும்ப வந்தது. களைத்துப்போன தசை போலவே!

உலோகம் களைக்குமா? அப்படியானால், உலோகத்துக்கும் தசைக்கும் நடுவில் இருக்கும் செடி? தோட்டத்து இலைகள், காய்கறிக் கடையில் வாங்கிய கேரட், முள்ளங்கி என்று கையில் கிடைத்ததை எல்லாம் கால்வனோமீட்டரில் இணைத்தார். ஊசியால் குத்தினால், சூடு வைத்தால், எல்லாமே மின்துடிப்பு காட்டின. விஷம் கொடுத்தால் துடிப்பு நின்றது.

லண்டனில் விழுந்த அடி

1901 ஜூன் மாதம். ராயல் சொசைட்டியில் இந்த முடிவுகளை வைத்தார் போஸ். எதிரில் இருந்தவர் உடலியங்கியலில் அந்தக் காலத்துப் பெரிய தலை, ஜான் பர்டன் சாண்டர்சன். பூச்சி பிடிக்கும் செடியில் மின்துடிப்பு இருப்பதை 1873-லேயே கண்டுபிடித்தவர் அவர்தான். ஆனால், அசையாத சாதாரணச் செடியிலும் அது உண்டு என்பதை அவர் ஏற்கவில்லை. ஓர் இயற்பியல்காரர் உயிரியல் எல்லைக்குள் வந்து தீர்ப்பு சொல்வதும் அவருக்குப் பிடிக்கவில்லை. கட்டுரையில் உள்ள வார்த்தைகளை மாற்றச் சொன்னார்கள். போஸ் மறுத்தார். கட்டுரை அச்சாகாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போனது.

சம்பள விஷயத்தில் காட்டிய அதே பிடிவாதம். ஊர் திரும்பாமல் அங்கேயே இருந்து போராடினார். பழைய ஆசிரியர் வைன்ஸ் கை கொடுத்தார். அவர் தலைவராக இருந்த லின்னியன் சொசைட்டி 1902-ல் போஸின் ஆய்வை ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அகஸ்டஸ் வாலர் என்ற இன்னொரு விஞ்ஞானி இதே மாதிரி முடிவைத் தன்னுடையதாக வெளியிட்டிருந்தார். போஸ்தான் முந்தியவர் என்பது விசாரணையில் தெளிவானது.

இன்று திரும்பிப் பார்த்தால், இந்தச் சண்டையில் போஸ் பக்கம்தான் நியாயம். சாதாரணச் செடிகளிலும் மின் சமிக்ஞை ஓடுகிறது என்பது இப்போது பாடப்புத்தக விஷயம்.

தொட்டாற்சிணுங்கி சொன்ன ரகசியம்

அடுத்த இருபது வருஷம் போஸின் லேபில் இரண்டு செடிகளுக்குத் தனி மரியாதை. ஒன்று, நம் வயல் ஓரத்தில் கிடக்கும் தொட்டாற்சிணுங்கி. இன்னொன்று, யாரும் தொடாமலேயே சின்ன இலைகளை ஆட்டிக்கொண்டிருக்கும் தொழுகண்ணி. அந்த அசைவைப் புகை படிந்த கண்ணாடியில் புள்ளி புள்ளியாகச் செடியே பதிவு செய்யும்படி கருவி செய்தார். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் அதற்கு அடுத்தது.

தொட்டாற்சிணுங்கியைத் தொட்டதும் இலை ஏன் விழுகிறது? இலைக்காம்பின் அடியில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். மின் சமிக்ஞை அங்கே வந்ததும், ஒரு பக்கத்துச் செல்களில் இருந்து அயனிகள் வெளியேறும். பின்னாலேயே தண்ணீரும் வெளியேறும். செல் தொய்ந்துபோகும், இலை விழும்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இலைத்துளைக் கதவு மூடுவதும் கிட்டத்தட்ட இதே முறைதான். தொட்டாற்சிணுங்கி ஒரு நொடியில் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதை, புங்க இலையின் காப்பு செல்கள் நிமிஷக்கணக்கில், மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும்படி செய்கின்றன. காப்பு செல்லில் பொட்டாசியத்தின் பங்கு 1960-களின் இறுதியில்தான் உறுதியானது. போஸுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

மூடநம்பிக்கையை உடைத்த ஒரு கதையும் உண்டு. ஃபரித்பூரில் ஒரு பேரீச்ச மரம். மாலை கோயில் மணி அடிக்கும்போது தலை குனிந்து கும்பிடுகிறது, காலையில் நிமிர்கிறது என்று மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். போஸ் கருவியை மாட்டி இரவு பகலாகப் பதிவு செய்தார். வெப்பநிலை ஏற ஏற மரம் தாழ்கிறது, குறையக் குறைய நிமிர்கிறது. மணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

1915-ல் கல்லூரியில் இருந்து ஓய்வு. 1917-ல் சர் பட்டம். அதே வருஷம் நவம்பர் 30-ல், தன் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கினார். இங்கே நடக்கும் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்குவதில்லை என்பது அப்போதே எடுத்த முடிவு. 1920-ல், ஒரு காலத்தில் கட்டுரையை அச்சிட மறுத்த ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

பெரிய தப்பு நடந்த இடம்

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். மரத்துக்கு மேலே தண்ணீர் எப்படி ஏறுகிறது?

வெறும் உறிஞ்சுதல் என்று சொல்ல முடியாது. ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சும்போது உண்மையில் வேலை செய்வது வெளியில் இருக்கும் காற்றழுத்தம். அதனால் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்குத்தான் தூக்க முடியும். கலிபோர்னியாவில் 100 மீட்டரைத் தாண்டிய மரங்கள் இருக்கின்றன.

போஸின் பதில் இது: செடிக்குள் இதயம் போல ஓர் அடுக்கு இருக்கிறது. தண்டின் உள்பட்டைச் செல்கள் சுருங்கி விரிந்து, தண்ணீரைப் படிப்படியாக மேலே தள்ளுகின்றன. சன்னமான மின் ஊசியைத் தண்டுக்குள் இம்மி இம்மியாக இறக்கி, குறிப்பிட்ட ஓர் அடுக்கில் துடிப்பு அதிகமாக இருப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். 1923-ல் இதைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். செடி ஓர் உயிர், அதன் முக்கியமான வேலை வெறும் பைப் வேலையாக இருக்க முடியாது என்பது அவருடைய ஆழமான நம்பிக்கை.

ஆனால், எதிர்ச் சான்று அதற்கு 30 வருஷம் முன்பே இருந்தது. ஜெர்மனியில் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 20 மீட்டருக்கும் மேல் உயரமான ஓக் மரத்தை அடியில் வெட்டி, பிக்ரிக் அமிலத்தில் நிற்கவைத்தார். அமிலம் போகிற வழியில் இருந்த உயிருள்ள செல்களை எல்லாம் கொன்றபடி மேலே ஏறியது. செல்கள் செத்த பிறகும் திரவம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பம்ப் செய்வது உயிருள்ள செல்கள்தான் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

சரியான விடையை 1894-ல் டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்ஸன், ஜான் ஜோலி இருவரும் சொல்லிவிட்டார்கள். தள்ளுவது கீழே இல்லை, இழுப்பது மேலே. இலைத்துளை வழியாக ஒரு துளி ஆவியாகும்போது, அதன் இடத்துக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் வர வேண்டும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் குணம் கொண்டவை. இலையில் இருந்து வேர் வரை ஒரே சங்கிலி. மேலே ஒரு கண்ணியை வெயில் இழுத்தால், கீழே மண்ணில் இருக்கும் கண்ணி நகரும். தண்ணீர் போகும் சைலம் குழாய்களும் செத்த செல்களால் ஆனவைதான். மரம் இதற்காக எந்தச் சக்தியையும் செலவழிப்பதில்லை. மொத்த கரண்ட் பில்லும் சூரியன் கணக்கில்.

இதைப் போஸ் கடைசி வரை ஏற்கவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தாவரவியலாளர்கள் அவர் கொள்கையை மறுத்தார்கள். 1965-ல் பெர் ஷோலாண்டர் குழு, கிளைக்குள் தண்ணீர் உண்மையிலேயே இழுவிசையில் இருப்பதை அழுத்தக் கருவி வைத்து அளந்து காட்டியது. அப்போது போஸ் இறந்து 28 வருஷம் ஆகியிருந்தது.

ஒரு தடவை உலகமே எதிர்த்தபோது அவர் வளைந்துகொடுக்கவில்லை, ஜெயித்தார். இரண்டாவது தடவையும் வளைந்துகொடுக்கவில்லை, தோற்றார். முதல் தடவை சான்று அவர் பக்கம் இருந்தது, இரண்டாவது தடவை இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்படியானால் கடைசிக் கால ஆராய்ச்சி வீணா?

இல்லை. 1924-ல் ஒளிச்சேர்க்கை பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்றும் பேசப்படுகிறது. மீன் தொட்டிகளில் வளர்ப்போமே, ஹைட்ரில்லா, அதை வைத்துத்தான் ஆய்வு. ஒளிபட்டதும் வெளிவரும் ஆக்ஸிஜன் குமிழிகளை எண்ணிப் பதிவு செய்யக் கருவி செய்தார். கோடையில் எடுத்த ஹைட்ரில்லாவும் குளிர்காலத்தில் எடுத்ததும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. கோடைச் செடியில் மாலிக் அமிலம் இருந்தது, கார்பன் டை ஆக்ஸைடு குறைவாக இருந்தாலும் அது நன்றாக வேலை செய்தது. மக்காச்சோளம், கரும்பு போன்ற பயிர்களில் இருக்கும் சிக்கனமான கார்பன் சேகரிப்பு முறைக்கு நெருக்கமான ஒன்று இது என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் புரிந்தது.

செடிகளின் சமிக்ஞை பற்றிய ஆராய்ச்சியும் திரும்ப சூடு பிடித்திருக்கிறது. ஓர் இலையைப் புழு கடித்தால், தூரத்தில் இருக்கும் இலைக்குக் கால்சியம் அலையாகச் செய்தி ஓடுவதை 2018-ல் ஒளிரும் வீடியோவாகவே விஞ்ஞானிகள் காட்டினார்கள். அதற்காக, செடிக்கு வலிக்கும் என்று போஸ் நிரூபித்துவிட்டார் என்ற ஃபார்வர்டை நம்ப வேண்டாம். அவர் காட்டியது தூண்டலுக்குச் செடி தரும் பதிலை. செடிக்கு மூளையும் இல்லை, நம்மைப் போன்ற நரம்பும் இல்லை.

1937 நவம்பர் 23-ல், 79 வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது, கிரிடியில் இறந்தார் போஸ்.

சரி, இதெல்லாம் வேலூருக்கு எதற்கு?

இலை இழுக்கும் அந்தத் தண்ணீர்ச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மண்ணில் இருக்கிறது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டு வைப்பார்கள். தோலைக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரில் கலக்கிறது. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு சேர்ந்த மண்ணின் பிரச்சினையே இந்த உப்புதான். தண்ணீர் எப்போதும் உப்பு அதிகம் உள்ள பக்கம் போகவே பார்க்கும். மண்ணில் உப்பு ஏறிவிட்டால் வேர் இழுப்பது கஷ்டம். மண் ஈரமாகத்தான் இருக்கும், செடி தாகத்தில் இருக்கும். உடனே வேரும் இலையும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரக்கும், இலைத்துளைகள் மூடும். நீராவிப்போக்கு குறையும், கார்பன் டை ஆக்ஸைடும் உள்ளே வராது, வளர்ச்சி நின்றுபோகும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்ததன் பின்னணியில் இப்படி விளைச்சல் இழந்த நிலங்களும் உண்டு.

போஸ் மாதிரி நீங்களே ஒன்றைப் பதிவு செய்து பார்க்கலாம். காலை 9 மணிக்கு, வீட்டு வாசல் மரத்தில் நான்கைந்து இலை உள்ள சின்னக் கிளையை எட்டிப் பிடித்து, உலர்ந்த பிளாஸ்டிக் கவரால் மூடி நூலால் கட்டிவிடுங்கள். வெயில் நேரடியாக அதிகம் படாத பக்கமாகப் பாருங்கள், இல்லையென்றால் கவருக்குள் இலை வெந்துபோகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தால், கவருக்குள் தண்ணீர்த் துளி கோத்திருக்கும். பார்த்து முடித்ததும் கவரை மறக்காமல் கழற்றிவிடுங்கள்.